அடிபட்ட பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் திருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொக்குவிலில் எனக்கு ஒரு ரிங்கரிங் கராஜ், அடிபட்ட காரின் தகடு தட்டித் திருத்தும் இடம். அப்பா தொடங்கியது. அவர் காலத்தில் ஓஸ்ரின் ஏ40 ரக்சிகளும் மொறிஸ் மைனர்களும் வாசலில் நின்றன. இப்போது அவற்றோடு 1990களின் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்களும் வருகின்றன: மஸ்டா எம்எக்ஸ்-5, அதுவே ஜப்பானில் விற்கப்பட்ட பெயரில் யூனோஸ் ரோட்ஸ்ரர், ரொயோட்டா செலிக்கா. எப்போதாவது ஒரு பழைய பிரித்தானிய எம்.ஜி. மிட்ஜெற்றும் வரும். கார்கள் சில, சொந்தக்காரர் சிலர், ஆனால் கேட்கும் ஐமிச்சங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். தேத்தண்ணி ஆறும்வரை ஒவ்வொருவருக்கும் சொன்னதை இங்கே எழுதுகிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

உதாரணம் தேவைப்படும் இடத்தில் எல்லாம் ஒரே காரைத்தான் காட்டுவேன். ஏ9 வீதியில், இயக்கச்சிப் பக்கம், இரவில், பின்லைற் இல்லாமல் போன லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியின் மூலையில் இடது முன்பக்கம் மோதி என்னிடம் வந்த ஒரு சிவப்பு யூனோஸ்.

அண்ணை, அடிபட்டுப் போச்சு. முதல் என்ன செய்யிறது?

முதலில் ஆட்கள். காயம் என்றால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். காயம் இருந்தாலோ, மற்றவருடைய சொத்துச் சேதப்பட்டாலோ பொலிசுக்கு அறிவியுங்கள், அவசர இலக்கம் 119. அடுத்தது காப்புறுதி நிறுவனம். முழுக் காப்புறுதி இருந்தால் மதிப்பீட்டாளர் இடத்துக்கு வருவார், அல்லது படம் அனுப்பச் சொல்லுவார். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் என்றால் உங்கள் காருக்கு அதிலிருந்து ஒரு சதமும் வராது. அதை அந்த இடத்திலேயே மனதில் எடுத்துக்கொண்டு பேசுங்கள்.

காரை நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள். நசுங்கிய இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள், அது போதாது. நாலு மூலை, இரண்டு வாகனத்தின் இலக்கத்தகடு, றோட்டில் ரயர் இழுபட்ட அடையாளம், காருக்குக் கீழே ஒழுகியது எல்லாம் வேண்டும். கீழே தண்ணியோ எண்ணெயோ கிடந்தால் எஞ்சினைத் திரும்ப ஸ்ராற் பண்ண வேண்டாம். ரேடியேற்றர் உடைந்த காரை ஒரு மைல் ஓட்டி எஞ்சினின் ஹெட்டை வளைத்துவிட்டால், ரிங்கரிங் செலவோடு எஞ்சின் செலவும் சேரும்.

கார் ஓடுது அண்ணை. மெதுவா ஓட்டிக்கொண்டு வரட்டோ?

வேண்டாம். கட்டி இழுக்கவும் வேண்டாம், ஏற்றிக்கொண்டு வாருங்கள். சில்லைப் பிடித்திருக்கும் கீழ்க்கை வளைந்திருந்தால் சில்லு எந்தப் பள்ளத்தில் கழரும் என்று சொல்ல முடியாது.

லைற் மேலெழும்பி நிற்கும் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன விசயம். முதல் யூனோஸில் லைற்றைத் தூக்கும் மோட்டரில் ரப்பர் மூடிக்குக் கீழே கையால் திருப்பும் குமிழ் ஒன்று உண்டு. மோதி லைற் இறங்கி நின்றுவிட்டாலும் அதைத் திருப்பித் தூக்கலாம். இரவில் றோட்டோரம் நிற்கும்போது உதவும்.

பழைய கார் எண்டா இரும்பு தடிப்பு, ஒண்டும் ஆகாது எண்டு எங்கட ஐயா சொல்லுறார். சரியோ?

ஐயா ஏ40 சொமர்செற்றை மனதில் வைத்துச் சொல்லுகிறார். அதில் சேசிஸ் வேறு, பொடி வேறு. மட்காட் நசுங்கினால் கழற்றித் தட்டிப் பூட்டலாம், கீழே சேசிஸ் தன்பாட்டில் நிற்கும். ட்றையம்ப் ஸ்பிற்பயரும் அந்த வகைதான். ஆனால் பலர் நினைப்பது போல எல்லாப் பழைய காரும் அப்படி இல்லை. 1948 இல் வந்த மொறிஸ் மைனருக்கே தனிச் சேசிஸ் கிடையாது, பொடியும் சேசிஸும் ஒரே கூடு. மிட்ஜெற்றும் அதேதான், எம்எக்ஸ்-5உம் அதேதான்.

கூரை இல்லாத காரில் இது இன்னும் பாரதூரம். சாதாரணக் காரில் கூரையும் சேர்ந்து பாரத்தைத் தாங்கும். திறந்த காரில் அந்தப் பாரம் முழுதும் தரையிலும், நடுவில் கியர்பெட்டி போகும் குகையிலும், இரண்டு பக்கக் கதவடிப் பெட்டியிலும்தான். முன்மூலையில் வாங்கிய அடி கதவடிவரை போகும். அதனால் 'மட்காட் மட்டும்தான்' என்று யார் சொன்னாலும், நான் சொன்னாலும், அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

வெளியில சின்ன நெளிவுதான். உள்ளுக்க வளைஞ்சிருக்கோ எண்டு எப்பிடி அறியிறது?

கண்ணால் பார்ப்பவை முதலில். கதவுக்கும் மட்காட்டுக்கும் இடையில் உள்ள இடைவெளி மேலேயும் கீழேயும் ஒரே அளவா? கதவைத் திறந்து மூடும்போது பூட்டில் ஏறி விழுகிறதா? பொனற்றைத் திறந்து உள்மட்காட்டில் தகடு சுருங்கி மடிப்பு விழுந்திருக்கிறதா, பொருத்துகளில் பூசிய பசை வெடித்திருக்கிறதா? அந்தப் பசை எளிதில் வெடிக்காது. வெடித்திருந்தால் அதற்குக் கீழே இரும்பு நகர்ந்திருக்கிறது.

பிறகு அளவு. எம்எக்ஸ்-5இன் முன்சில்லு மையத்துக்கும் பின்சில்லு மையத்துக்கும் இடையில் கம்பனி அளவு 2265 மில்லிமீற்றர். ஸ்ரியரிங்கை நேராக வைத்து இரண்டு பக்கமும் ரேப்பால் அளந்து பாருங்கள், வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். இரண்டு பக்கமும் கண்டபடி வித்தியாசப்பட்டால் மேலே படிக்கத் தேவையில்லை, காரை உயர்த்த வேண்டும்.

கராஜில் நான் செய்வது மேசன்மாரின் வேலை. காரை மட்டம் பார்த்து நாலு ஸ்ராண்டில் ஏற்றுவேன். அடியில் இடமும் வலமும் சோடியாக உள்ள இடங்களைத் தெரிவேன்: கீழ்க்கை போல்ற்றுகள், இழுவைக் கொளுக்கிகள், பின்பக்கத் துணைச்சட்டத்தின் போல்ற்றுகள். ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, குண்டு ஆடி நின்றதும் அதன் முனை தொடும் இடத்தில் சீமெந்துத் தரையில் சோக்கால் புள்ளி வைப்பேன். பிறகு காரை எடுத்துவிட்டால் தரையில் அந்தக் காரின் உருவம் கிடக்கும். மூலைவிட்டம் இரண்டையும் அளந்தால் பொய் சொல்ல இடமில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் 3 மில்லிமீற்றர் வரை விடலாம். சிவப்புக் காரில் 11 வந்தது. அதன் பம்பரைக் கழுவித் துடைத்துவிட்டால் பாதிப் பேர் அடிபட்டதென்றே சொல்லியிருக்கமாட்டார்கள். சொந்தக்காரத் தம்பி குந்தியிருந்து அந்தப் புள்ளிகளையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தென்னையில சங்கிலி கட்டி இழுத்து எடுத்தாச் சரிதானே? அந்தக் காலத்தில அப்பிடித்தானே செய்தவை?

செய்தார்கள், தனிச் சேசிஸ் வண்டிக்கு. கூட்டுப் பொடியில் அந்தப் பக்கத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாமல் இந்தப் பக்கத்தை இழுத்தால், வளைந்த இடம் நிமிர்வதற்கு முன் நல்ல இடம் வளையும். கதவடியில் நாலு இடம் இறுக்கிப் பிடித்து, அடி விழுந்த வரிசைக்குத் தலைகீழாக, கடைசியாக மடிந்ததை முதலில் இழுக்க வேண்டும். கொஞ்சம் இழுத்து, விட்டு, அளந்து, திரும்ப இழுக்க வேண்டும். இரும்பு தன் பழைய இடத்துக்கு ஓடப் பார்க்கும், அதனால் விட்டு அளக்காத இழுவை கணக்கில்லை.

நான் இதை நட்டப்பட்டுத்தான் படித்தேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு செலிக்காவை மரத்தில் கட்டி இழுத்தேன். வெளியே பார்க்க அச்சாவாக வந்தது, காசும் வாங்கினேன். இரண்டு மாதத்தில் அவர் ஒரு முன்ரயரைக் கழற்றிக்கொண்டு வந்தார். வெளிப்பக்கம் புதிசு போல, உள்பக்கம் கம்பி தெரிய. அந்த ரயர் இன்னும் என் கராஜின் பின்சுவரில் தொங்குகிறது. இப்போது 3க்கு உள்ளே கொண்டுவர முடியாது என்று கண்டால், இழுக்கும் பெஞ்ச் உள்ள இடத்துக்குக் கொழும்புக்கே ஏற்றச் சொல்லிவிடுவேன். சிவப்புக் காரை இங்கேயே எடுத்தோம். மூன்று நாள், முடிவில் 2 மில்லிமீற்றர்.

ஒன்று கட்டாயம்: முன்பக்கத் தூண்களை நெருப்புக் காட்டிச் சிவக்க வைத்து நிமிர்த்த விடாதீர்கள். இளகிய இரும்பு அடுத்த அடியில் கடதாசி போல மடியும்.

பொனற் அலுமினியமாமே. தட்டி எடுக்கலாமோ, புதுசு போடவேணுமோ?

எம்எக்ஸ்-5இன் பொனற் அலுமினியம்தான், காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாது. சின்னக் குழி தட்டி எடுக்கலாம். ஆனால் இரும்புக்கு இருக்கும் ஞாபகம் அலுமினியத்துக்கு இல்லை. தட்டத் தட்ட இறுகி, ஒரு கட்டத்தில் வெடிக்கும். சூடு காட்டினால் இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமலே இருந்து 660 பாகைக்குக் கிட்ட ஒரேயடியாக உருகி விழும். ஓரத்தில் அல்லது உள்சட்டத்தில் மடிப்பு விழுந்திருந்தால் வேறு பொனற் தேடுவதுதான் மலிவு.

இரும்பு தட்டிய சுத்தியலையும் அரத்தையும் அப்படியே இதில் வைக்கக் கூடாது. இரும்புத் தூள் பதிந்தால் பெயின்றுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். கராஜ்காரரிடம் வேறு சுத்தியல் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபிப்பவரிடம் பொனற்றைக் கொடுக்க வேண்டாம்.

பிரிச்சுப் பாத்தா துருவும் இருக்குதாம். அடிபட்டதை மட்டும் செய்து தாங்கோ எண்டா செய்வியளோ?

மாட்டேன். துருப்பிடித்த கதவடியில் புதுத் தகட்டை ஒட்டுவது கறையான் தின்ற வளையில் புது ஓடு போடுவது மாதிரி. மேலே சொன்னபடி திறந்த காருக்குக் கதவடிதான் முதுகெலும்பு. தடித்த ஸ்குறூட்றைவரால் கதவடியின் பின்மூலையில், பின்சில்லுக்கு முன்னால், குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அடிபட்ட செலவோடு இதற்கும் காசு எடுத்து வைக்க வேண்டும். காப்புறுதி துருவுக்குத் தராது, அது அவர்கள் பிழை இல்லை.

எம்எக்ஸ்-5இல் அந்த மூலை உக்குவதற்குக் காரணம் உண்டு. துணிக்கூரையில் விழும் தண்ணி சீற்றுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள வடிகுழாயால் கீழே போக வேண்டும். குழாய் அடைத்தால் தண்ணி கதவடிக்குள் இறங்கும். சிவப்புக் கார் வேப்பமரத்துக்குக் கீழே நின்ற கார். இடப்பக்கக் குழாயிலிருந்து கம்பியால் நான் இழுத்து எடுத்தது ஒரு பிடி வேப்பம்பூ, கறுத்து, பிண்ணாக்கு மாதிரி இறுகி. மாரிக்கு முன் வருடத்துக்கு ஒருக்கால் அந்தக் குழாய்க்குள் தண்ணி விட்டுப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இரண்டு தரம்.

காஸ் வெல்டிங்கோ, மிக் வெல்டிங்கோ?

மிக், அதாவது மின்சாரத்தால் கம்பியை உருக்கி ஒட்டுவது. காஸ் நெருப்பு அகலமாகச் சூடேற்றி மெல்லிய தகட்டை நெளிக்கும், சுற்றியுள்ள துருக்காப்பையும் எரிக்கும். பித்தளை ஒட்டு அலங்காரத் தகட்டுக்குச் சரி, பாரம் தாங்கும் இடத்துக்குச் சரியில்லை. கம்பனி எங்கே புள்ளி ஒட்டு வைத்ததோ அங்கே துளை போட்டு நிரப்பும் மிக் ஒட்டு, அதே எண்ணிக்கையில். ஒட்டும் முன் பற்றறியைக் கழற்ற வேண்டும். ஒட்டிய பின் பெட்டிக்குள் மெழுகு விசிற வேண்டும். இதைத்தான் கூடுதலாக மறக்கிறார்கள். உள்ளே எரிந்த இடம் வெளியே தெரியாது, மூன்று மாரியில் தெரியும்.

பட்டி போட்டாலே கள்ள வேலை எண்டு சொல்லினம். உண்மையோ?

இல்லை. நல்லாத் தட்டிய தகட்டிலும் கைபட்ட சுவடு இருக்கும், அதை நிரப்பத்தான் பட்டி. 3 மில்லிமீற்றருக்குக் கீழே இருந்தால் வேலை, அதற்கு மேலே போனால் மூடி மறைப்பு. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். நல்ல இடத்தில் எப்படிப் பிடிக்கிறது, செய்த இடத்தில் எப்படிப் பிடிக்கிறது என்று கை சொல்லும். பொனற்றில் இது வேலை செய்யாது, காரணம் மேலே இருக்கிறது.

பார்ட்ஸ் எங்க எடுக்கிறது? லண்டனில அண்ணா இருக்கிறார்.

முதலில் கொழும்பு பஞ்சிகாவத்தை. படம் அனுப்பிக் கேட்டால் இரவு பஸ்ஸில் போட்டுவிடுவார்கள், விடியக் கையில் இருக்கும். ஆனால் படத்தை நம்பிக் காசு போடாதீர்கள். பொருளின் அடிப்பக்கத்தையும் போல்ற் துளைகளையும் படம் எடுத்துக் கேளுங்கள். செலிக்கா போன்றவற்றுக்கு அச்சுப் பார்ட்ஸ் மற்ற ரொயோட்டாக்களிலிருந்தே பல வரும். பொடித் தகடுகள்தான் கிடைப்பது அரிது.

லண்டன் அண்ணா எம்எக்ஸ்-5காரருக்குப் பெரிய உதவி. அங்கே அந்தக் கார் ஏராளம், உடைத்து விற்கும் இடங்களும் ஏராளம். லைற் மூடி, கண்ணாடி, கிளிப்புகள், சின்ன வளையங்கள் போன்றவற்றை ஊருக்கு வருபவர் பெட்டியில் கொண்டுவரலாம். மட்காட் கொண்டுவர முடியாது, அனுப்பினால் கூலியும் சுங்கமும் சேரும், முதலே கணக்குப் பாருங்கள். மஸ்டா கம்பனியும் முதல் தலைமுறை ரோட்ஸ்ரரைப் புதுப்பிக்கும் திட்டத்தை 2017 இல் ஜப்பானில் அறிவித்துச் சில பார்ட்ஸ்களைத் திரும்பத் தயாரிக்கத் தொடங்கியது. அதனால் 'இனி எங்கும் கிடைக்காது' என்று கடைக்காரர் சொன்னதும் நம்பிக்கை விட வேண்டாம். ஜப்பானில் விற்ற யூனோஸில் 1.6 எஞ்சின் காருக்கு என்ஏ6சிஇ, 1.8க்கு என்ஏ8சி என்று சேசிஸ் இலக்கம் தொடங்கும். அண்ணாவுக்கு அதை முழுதாக எழுதி அனுப்புங்கள்.

பின்னால ஒரு வான் இடிச்சது. பம்பர் மட்டும்தான் வெடிச்சிருக்கு. அதை ஒட்டினாப் போதும்தானே?

பம்பர் ரப்பர்த் தன்மையுள்ள பிளாஸ்ரிக், அடி வாங்கித் திரும்ப வந்துவிடும். உள்ளே இருப்பது வராது. எம்எக்ஸ்-5இல் கியர்பெட்டியையும் பின் டிபரன்சலையும் நீளமான ஓர் அலுமினியச் சட்டம் இணைக்கிறது. பின்னடி பலமாக இருந்தால் அது முறுகும் அல்லது வெடிக்கும், பிறகு கியர் போடும்போது கை அதிரும். பெற்றோல் தாங்கி சீற்றுக்குப் பின்னால் இருக்கிறது, அதன் குழாய்களைப் பார்க்க வேண்டும்.

பற்றறியும் பின்பெட்டிக்குள்தான். இங்கே பலர் கம்பனி வகை கிடைக்காமல் சாதாரணப் பற்றறி வைத்திருக்கிறார்கள். அதன் அசிற் ஆவி வெளியே போகக் குழாய் இல்லாவிட்டால் பின்பெட்டி மூலையைத் தின்னும். அடிபட்ட கார்களில் மூலை கிழிந்து வருவதற்குப் பாதிக் காரணம் வான் இல்லை, பற்றறி.

அலைன்மென்ற் செய்தாச்சு. எண்டாலும் இடப்பக்கம் இழுக்குது. கடைக்காரன் பிழையோ?

அநேகமாக இல்லை. எம்எக்ஸ்-5இல் நாலு சில்லுக்கும் இரட்டைக் கை சஸ்பென்சன், கோணங்களை நிறையவே திருப்பலாம். அதனால்தான் வளைந்த காரைக்கூட ஓரளவுக்குச் சரிபோலக் காட்ட முடிகிறது. அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். முன்பக்கத்தில் ஒரு சில்லின் காஸ்ரர் (சில்லு திரும்பும் அச்சின் சரிவு) மற்றதை விடத் தூரமாக நிற்கிறதா, ஒரு பக்கத் திருகாணி கடைசிவரை போய் நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் வளைந்தது திருகாணிக்கு மேலே, கையிலோ துணைச்சட்டத்திலோ பொடியிலோ. திரும்பத் தூக்குக்குண்டுதான்.

சிவப்பு ஒத்து வருமோ? எந்த மாதம் பெயின்ற் அடிக்கிறது நல்லது?

முப்பது வருடம் எங்கள் வெயிலில் நின்ற சிவப்பு, கம்பனித் தகட்டில் உள்ள நிற இலக்கத்துக்கு ஒத்து வராது. இலக்கத்தை வைத்துத் தொடங்கி, மெருகூட்டிய பழைய இடத்தைப் பார்த்துக் கண்ணால் கலக்க வேண்டும். ஒரு துண்டுத் தகட்டில் அடித்து, காய்ந்தபின் காரில் பிடித்து, நிழலிலும் பின்னேர வெயிலிலும் பாருங்கள். மட்காட் அடித்தால் நிறம் கதவுக்குள் மெல்ல மங்கிப் போக வேண்டும். 'மட்காட்டோட நிப்பாட்டுங்கோ, காசு குறையும்' என்பவர்களுக்கு நான் சொல்வது: ஒவ்வொரு நாளும் கதவைத் திறக்கப்போவது நீங்கள்.

மாதம் முக்கியம். வைகாசியிலிருந்து ஆவணிவரை சோளகக் காற்று, தூசி கதவிடுக்கால் வரும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரம், பெயின்ற் பால் போல மங்கும். தையிலிருந்து பங்குனிவரை நல்லது. மாசிப் பனி மூசிப் பெய்யும் என்பார்கள், அதனால் வெயில் ஏறியபின் அடித்து, பொழுதுபடுமுன் மூடிவிட வேண்டும். அடைத்த பெயின்ற் அறை உள்ளவருக்கு இந்தக் கவலை பாதி இல்லை.

மற்றது தண்ணி. எங்கள் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருவது, பல இடத்தில் சவர். அதை ஊற்றிக் கடதாசி தேய்த்து, உப்பு காய்ந்த மேல் பெயின்ற் அடித்தால் ஒரு மாரிக்குள் மிளகு போலக் கொப்பளம் போடும். பெயின்றில் பிழை என்று சொல்லுவார்கள், பிழை வாளியில். பட்டியை ஈரமில்லாமல் தேய்க்க வேண்டும், அது தண்ணி குடிக்கும். பிறகு பூசும் அடித்தளத்தை மழைத்தண்ணியால் தேய்க்கிறேன். பீலியில் பிடித்து வைத்திருக்கிறேன்.

அடிக்கும் பொடியனைப் பற்றியும் யோசியுங்கள். இரண்டு திரவம் கலக்கும் பெயின்றின் இறுக்கியில் ஐசோசயனேற் இருக்கிறது. துணி கட்டி மூச்சிழுத்தால் ஆஸ்துமா வரலாம், வந்தால் இலேசில் போகாது. நல்ல காற்று தனிக்குழாயால் வரும் முகமூடி இல்லாத இடத்தில் உங்கள் காரை அடிக்கக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடிக்கிறதுதானே, நிறத்தை மாத்தி விடட்டோ?

மாற்றலாம், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தையும் மாற்ற வேண்டும். காப்புறுதிக்கும் அறிவிக்க வேண்டும். எஞ்சின் அறைப் பின்சுவரில் வெட்டிய சேசிஸ் இலக்கத்துக்கு மேலே பட்டியோ தடித்த பெயின்றோ பூச விடாதீர்கள், விற்கும்போது பெரிய தலையிடி. என் அபிப்பிராயம்: கம்பனி நிறத்திலேயே விடுங்கள். கதவைத் திறந்தால் உள்ளே பழைய நிறம் தெரியும் காருக்கு விலை இறங்கும்.

காப்புறுதிக்காரர் 'முழு நட்டம்' எண்டு சொல்லிப்போட்டினம். என்ன செய்ய?

கையெழுத்து வைக்க அவசரப்பட வேண்டாம். திருத்தும் செலவு காரின் பெறுமதியை நெருங்கினால் அப்படிச் சொல்வார்கள். கேள்வி, எந்தப் பெறுமதி? பழைய கார் என்று பல வருடத்துக்கு முந்திய தொகையையே வருடா வருடம் புதுப்பித்திருந்தால், அந்தத் தொகை இன்றைய சந்தை விலைக்குப் பக்கத்திலும் நிற்காது. குறைத்துக் காப்புறுதி செய்திருந்தால் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைக்கும் விதி பத்திரத்தில் இருக்கலாம், எடுத்து வாசியுங்கள். விற்பனை விளம்பரங்கள், பழைய பற்றுச்சீட்டுகள், கார் நல்லா இருந்தபோது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பெறுமதியை மறுபரிசீலனை செய்யச் சொல்லி எழுதிக் கேளுங்கள். சேதப்பட்ட காரை நீங்களே வைத்துக்கொண்டு மீதியை வாங்க முடியுமா என்றும் கேளுங்கள்.

இங்கே நிலைமை வேறு நாடுகளைப் போல இல்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தாலும், முப்பது வருடத்துக் காரைக் கொண்டுவர அது வழி இல்லை. நாட்டில் நிற்பவை நிற்பவைதான். ஒன்றை உடைத்தால் ஒன்று குறையும். அதனால் பொடி 3க்குள் வரும் என்று கண்டால் நான் திருத்தச் சொல்வேன், வராது என்றால் அதைப் பார்ட்ஸ்க்கு வைத்து மற்றக் கார்களைக் காப்பாற்றச் சொல்வேன்.

மதிப்பீட்டாளர் வந்து பாத்து எழுதிப்போட்டார். பிரிச்சாப்போல இன்னும் கன இடம் வளைஞ்சு கிடக்கு. அந்தக் காசு என்ர தலையிலயோ?

அப்படி இல்லை, ஆனால் வேலையை நிறுத்த வேண்டும். புதிதாகக் கண்டதைப் படம் எடுத்து, மேலதிக மதிப்பீடு கொடுத்து, அவர் திரும்ப வந்து பார்த்தபின்தான் கை வைக்க வேண்டும். கழற்றிய பழைய பார்ட்ஸ்களை எறியாதீர்கள், கேட்பார்கள். அவசரத்தில் நிமிர்த்தி முடித்துவிட்டுப் பிறகு பில் நீட்டினால் அவர்கள் மறுப்பதில் ஞாயம் இருக்கிறது. சிவப்புக் காரின் அளவுப் புள்ளிகளை மதிப்பீட்டாளரையே கூப்பிட்டுத் தரையில் காட்டினேன். அவர் தானே ரேப்பைப் பிடித்து அளந்தார்.

சீற் பெல்ற் நல்லாத்தானே இழுபடுது. அதையும் மாத்தவேணுமோ?

ஆள் கட்டியிருந்தபோது பலமாக அடிபட்டதென்றால் மாற்றுங்கள். நாடாவை முழுதாக வெளியே இழுத்து, கொளுக்கி ஓடும் இடத்தில் பளபளப்போ நூல் இழுபட்டதோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். முன்பக்க அடி என்றால் காற்றுப்பை உள்ள காரில் அதன் எச்சரிக்கை லைற் எரிந்து அணைகிறதா என்றும் பாருங்கள். பல்ப்பைக் கழற்றிவிட்டு 'சரி' என்று தந்த கார்களைக் கண்டிருக்கிறேன்.

எவ்வளவு நாள் எடுக்கும்? வேலை முடிஞ்சு எடுக்கேக்க என்னத்தைப் பாக்கிறது?

வேலை நாட்களை விடப் பார்ட்ஸ்க்குக் காத்திருக்கும் நாட்கள் கூட. சிவப்புக் காருக்கு மூன்று மாதம் போனது, அதில் கைவேலை நாலு கிழமைதான். 'பத்து நாளில் தாறன்' என்பவரிடம் எதை விடப்போகிறார் என்று கேளுங்கள். காசைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள்: பிரித்தபின் கொஞ்சம், இழுத்து அளவு காட்டியபின் கொஞ்சம், பெயின்ற் முடிந்தபின் மீதி. அளவு காட்டாமல் பெயின்றுக்குப் போக விடாதீர்கள்.

எடுக்கும்போது பகலில் போங்கள். முதலில் கார் காய்ந்திருக்கட்டும், பிறகு ஒரு வாளி தண்ணி ஊற்றிக் கதவு, பின்பெட்டி ஒழுகுகிறதா என்று பாருங்கள். கதவிடைவெளிகளை மேலே சொன்னபடி பாருங்கள். லைற் இரண்டும் ஒரே நேரத்தில் எழும்பி ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். வெறும் றோட்டில் கையை மெல்லத் தளர்த்திப் பாருங்கள், அலைன்மென்ற் தாளையும் அளவுத் தாளையும் வாங்குங்கள். புதுப் பெயின்றுக்கு இரண்டு மாதம் மெழுகு பூச வேண்டாம், வேப்பமரத்துக்குக் கீழே விடவும் வேண்டாம்.

பிறகு விக்கேக்க அடிபட்டது எண்டு சொல்லவேணுமோ? பாத்தாத் தெரியாதுதானே?

சொல்லுங்கள். வாங்குபவர் காந்தத்தோடு வருவார், காந்தத்துக்கு முன் நீங்களே படத்தைக் காட்டிவிட்டால் பேச்சு வேறு மாதிரிப் போகும். அடிபட்ட நாள் படங்கள், இழுக்கு முன்னும் பின்னும் எழுதிய மூலைவிட்ட அளவுகள், வெல்டிங் செய்த இடத்தின் படங்கள் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள். அந்த உறை இருக்கும் அடிபட்ட காரை, ஒன்றும் இல்லாத 'அடிபடாத' காரை விட நான் கூட விலைக்கு வாங்குவேன்.

சிவப்புக் காரின் தம்பி விற்கவில்லை. போன கிழமை வடிகுழாய் துப்புரவாக்கக் கொண்டுவந்தார். உறை கையுறைப் பெட்டிக்குள் இருந்தது, அளவுத் தாள் மடித்தபடி, 11 என்று ஒரு பக்கம், 2 என்று மறுபக்கம்.